"ஒத்துக்கல" என்று எழுதி ஒட்டும் முன்: குழந்தைக்கு எந்த உணவு சேரவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி

என் மகனுக்கு ஒரு வயது இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு முட்டைப் பொரியல் கொடுத்தேன். ராத்திரி ஏழு மணிக்குச் சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்கத் தடிப்பு, நூறு கொசு ஒரே சமயத்தில் கடித்தமாதிரி. அம்மா ஒரு பார்வை பார்த்தார். "முட்டை ஒத்துக்கல, இனிமே குடுக்காத." அவ்வளவுதான், முட்டை போயிற்று. அடுத்த மாதம் மீன் சாப்பிட்ட மறுநாள் பேதியானது, மீனை நிறுத்தினோம். சளி பிடித்தபோது தயிர், வாயைச் சுற்றிச் சிவந்தபோது தக்காளி, கரப்பான் பண்டம் என்று யாரோ சொன்னதால் கத்திரிக்காய், இப்படியே போய் இரண்டரை வயதில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒன்பது பெயர்கள். பையனின் எடை எட்டு மாதமாக ஒரே இடத்தில் நின்றது.

கடைசியில் ஒவ்வாமைக்கென்றே பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் அதே கேள்விகளைக் கேட்டார். சாப்பிட்டது எத்தனை மணிக்கு, வந்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் அதைச் சாப்பிட்டிருக்கிறானா, அன்றைக்குச் சளி காய்ச்சல் ஏதாவது இருந்ததா. ஒன்பதில் எட்டு அடுத்த ஆறு மாதத்தில் அவன் தட்டுக்குத் திரும்பி வந்தன. மிச்சமிருந்த ஒன்று முந்திரி. பாயசத்தில் கிடந்த அரை முந்திரியைக் கடித்துப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கி இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். அதையும் அதே பேனாவால், ஏழாவது பெயராக, தக்காளிக்கும் தயிருக்கும் நடுவில் எழுதி வைத்திருந்தோம். தக்காளி ரசம் குடித்து அவனுக்கு ஒன்றும் ஆகாததைப் பார்த்த சொந்தக்காரர்கள் "கொஞ்சம் முந்திரி என்ன பண்ணிடப் போகுது" என்று கேட்டது இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நாம் "ஒத்துக்கல", "சேரல", "அலர்ஜி" என்று ஒரே மூச்சில் சொல்வது நாலைந்து வேறு வேறு விஷயங்களை. ஒன்று உயிருக்கு ஆபத்தானது, ஒன்று வெறும் வயிற்று உப்புசம், ஒன்று நோயே கிடையாது. பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பயப்படத் தேவையில்லாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதை விட்டுவிடுவோம்.

செவலை நாயும் காக்கிச் சட்டையும்

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. குட்டியாக இருந்தபோது காக்கி போட்ட யாரோ ஒருவர் அதைச் சுருக்கு போட்டுப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் காக்கி எங்கே தெரிந்தாலும் போச்சு. தபால்காரர், ஆட்டோக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஆனால் காக்கியின் ஓரம் தெரிந்தாலே அது குரைக்கும், அது குரைத்தால் தெருவிலிருக்கும் அத்தனை நாயும் குரைக்கும். எவ்வளவு காக்கி என்பது அதற்குக் கணக்கே இல்லை.

உண்மையான உணவு ஒவ்வாமை இதுதான். கிருமிகளை அடையாளம் கண்டு விரட்ட உடம்பில் இருக்கும் காவல் ஏற்பாட்டை நோயெதிர்ப்பு மண்டலம் என்கிறோம். அது எப்போதோ ஒரு தடவை முந்திரியில் இருக்கும் ஒரு புரதத்தையோ பாலில் இருக்கும் ஒரு புரதத்தையோ எதிரி என்று தவறாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. குறித்து வைப்பது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளாக, அதாவது அந்த ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் காணும் சின்ன மூலக்கூறாக. தோல், உதடு, குடல், மூச்சுக்குழாய் என்று எல்லா வாசலிலும் நிற்கும் சில செல்களின் மேல் இந்த ஐஜிஇ போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த தடவை அந்தப் புரதம் துளி வந்தாலும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டிவிடும். ஹிஸ்டமின்தான் அரிப்பையும் வீக்கத்தையும் தடிப்பையும் உண்டாக்குவது.

ஐஜிஇ கண்டுபிடிக்கப்பட்டது 1960களில்தான், ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் ஒரு குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 'அலர்ஜி' என்ற சொல்லோ அதைவிடப் பழையது, 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கியது. உடம்பு எதிர்வினை காட்டும் விதம் மாறுவது எதையும் அவர் அந்தச் சொல்லால் குறித்தார். பிறக்கும்போதே தளர்வான சொல், அதனால் இன்றைக்கும் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதைப் போடுவதில் ஆச்சரியமில்லை.

இந்த வகை ஒவ்வாமைக்கு மூன்று அடையாளம். வேகமாக வரும், பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள். துளி அளவே போதும். ஒவ்வொரு தடவையும் வரும்.

இட்லி மாவு ஏன் பொங்குகிறது

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அது இரண்டு துண்டு சேர்ந்த சர்க்கரை, உடைத்தால்தான் குடல் உறிஞ்ச முடியும். உடைப்பது லாக்டேஸ் என்ற நொதி. நொதி என்றால் உணவை உடைக்கவோ மாற்றவோ உடம்பே செய்து வைத்திருக்கும் ஒரு புரதம். இந்த லாக்டேஸ் போதாமல் போனால் உடையாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளுகிறதே, அதேதான் வயிற்றுக்குள் நடக்கிறது. உப்புசம், குடகுடவென்று சத்தம், புளித்த வாடையோடு தண்ணீராகப் போவது, அந்தப் புளிப்பால் குழந்தைக்கு ஆசனவாய் சுற்றிச் சிவந்துபோவது.

இதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லை. இதைச் செரிக்க முடியாமை என்று சொல்லலாம். உயிருக்கு ஆபத்து கிடையாது, அளவைப் பொறுத்துத்தான் தொல்லை. ஒரு டம்ளர் பால் குடித்தால் கலக்கும், ஒரு கரண்டி தயிர் ஒன்றும் செய்யாது. தயிர் உறையும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

நம் ஊரில் பெரியவர்களில் பாதிக்கும் மேல் இப்படித்தான், லாக்டேஸ் வயதோடு குறைந்துவிடுகிறது. ஆனால் கைக்குழந்தைக்கு இது பிறவியிலேயே இருப்பது மிக மிக அரிது. தாய்ப்பாலில்தான் லாக்டோஸ் அதிகம், 100 மில்லியில் சுமார் 7 கிராம். பசும்பாலில் 5 கிராம்கூட இருக்காது. தாய்ப்பால் குடித்துக் கொழுகொழுவென்று வளரும் மூன்று மாதக் குழந்தைக்கு 'லாக்டோஸ் சேரவில்லை' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அம்மா பால் குடிப்பதை நிறுத்தினாலும் தாய்ப்பாலின் லாக்டோஸ் குறையாது, அது மார்பிலேயே தயாராவது. அம்மா குடித்த பாலின் புரதம்தான் கொஞ்சமாகத் தாய்ப்பாலில் இறங்கும். புரதம் வேறு, சர்க்கரை வேறு, இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவது தற்காலிக வகை. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் மேல்தோல் அடிபட்டு, லாக்டேஸ் சில வாரங்கள் குறைவாக இருக்கும். குடல் ஆறினால் அதுவும் திரும்பிவிடும். அந்தச் சமயத்திலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

சேனைக்கிழங்கு யாருக்குத்தான் அரிக்காது

சேனையைப் புளி போடாமல் சமைத்தால் வீட்டில் அத்தனை பேருக்கும் தொண்டை அரிக்கும். அதில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, குத்துகின்றன, அவ்வளவுதான். இது ஒவ்வாமை அல்ல, எரிச்சல். தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்பு பட்டுக் குழந்தையின் வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, துடைத்து அரை மணியில் மறைந்தால் அதுவும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். என் மகனின் தக்காளி இதுதான். சாப்பிடும் முன் வாயைச் சுற்றித் துளி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக் கொடுத்தோம், சிவப்பு நின்றது.

இன்னொன்று மீனில் நடப்பது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் போடாமல் வைத்திருந்தால் பாக்டீரியா அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும், சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டால் முகம் சிவந்து தடித்து, அசல் ஒவ்வாமை போலவே இருக்கும். அந்த நேரத்தில் அவசரத்தை ஒவ்வாமைக்குப் பார்ப்பதுபோலவே பார்க்க வேண்டும். ஆனால் அதே குழம்பைச் சாப்பிட்ட இன்னும் இரண்டு பேருக்கும் முகம் சிவந்திருந்தால் குற்றவாளி குழந்தையின் உடம்பு அல்ல, மீன் கெட்டுப்போனதுதான்.

மெதுவாக வருகிற வகை

இது கொஞ்சம் கஷ்டமான இடம். நோயெதிர்ப்பு மண்டலம்தான் காரணம், ஆனால் ஐஜிஇ இல்லை, அதனால் தடிப்பும் வீக்கமும் வராது, குடல்தான் பேசும். தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக விளையாடும் குழந்தையின் மலத்தில் சளியோடு ரத்தக் கீற்று தெரிவது ஒரு வடிவம், அம்மா சாப்பிடும் பால் பொருள்களின் புரதம் அதற்குக் காரணமாக இருக்கலாம். இன்னொரு வடிவம் பயமுறுத்தும். உணவு கொடுத்து ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டு போகும். இதற்குப் பாலும் சோயாவும் மட்டுமல்ல, அரிசிகூடக் காரணமாக இருப்பது உண்டு, நாம் கனவிலும் சந்தேகிக்காத ஒன்று. துவண்டு போனால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம், ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது என்பதால் விட்டுவிடக்கூடாது.

கோதுமைக்கு ஒரு தனி நோய் உண்டு, சீலியாக். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் புரதம் வந்தால் உடம்பு தன் குடலையே தாக்கிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்ச காலத்தில் இந்தக் குழந்தைகள் தேறியதைக் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் குறைவு. ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இதற்கான ரத்தப் பரிசோதனை குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். சந்தேகம் வந்தவுடன் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனை ஏமாற்றிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வேகமாக வந்து துளிக்கும் குரைப்பது ஒவ்வாமை, அளவுக்கு ஏற்பப் பொங்குவது செரிக்க முடியாமை, பட்ட இடத்தில் மட்டும் சிவப்பது எரிச்சல், மணிக்கணக்கில் தள்ளிக் குடலில் தெரிவது மெதுவான ஒவ்வாமை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி மணி. முட்டை சாப்பிட்டது ஒன்றுக்கு, தடிப்பு பார்த்தது ஏழுக்கு. ஆறு மணி நேரம். ஐஜிஇ ஒவ்வாமை இவ்வளவு நேரம் பொறுக்காது. அதற்கு முன் அவன் முட்டையைக் குறைந்தது பத்துத் தடவையாவது சாப்பிட்டிருந்தான். அப்புறம் அந்த வாரம் மூன்று நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "இது முட்டை இல்லைம்மா, பெரும்பாலும் அந்தச் சளிக்கு வந்த வைரஸ்" என்றார். நம் ஊரில் காணாக்கடி என்று சொல்கிற இந்தத் தடிப்புக்குச் சின்னக் குழந்தைகளிடம் பெரும்பாலும் காரணம் வைரஸ்தான், உணவு அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை தினமும் ஐந்து வேளை ஏதாவது சாப்பிடுகிறது, எந்த நேரத்தில் தடிப்பு வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு உணவு நிற்கும், பழி அதன் மேல் விழுந்துவிடும்.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். செல்போனில் குறித்தாலும் சரிதான், ஆனால் வீட்டில் பாட்டியும் எழுதுகிற மாதிரி அடுப்படியில் தொங்கும் நோட்டு நல்லது. என்னுடைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "காலை 8.10, ராகிக் கூழ் ஒரு கிண்ணம், வெல்லம். 10.30 பிஸ்கட் இரண்டு, அட்டையைப் படமெடுத்தேன். 1.00 பருப்பு சாதம், நெய், கத்திரிக்காய் நாலு துண்டு. 1.20 வாயோரம் சிவப்பு, 1.45 போய்விட்டது. நேற்று ராத்திரி இருமல். மலம் ஒரு தடவை, சாதாரணம்." சாப்பிட்டது, எவ்வளவு, மணி, என்ன வந்தது, எத்தனை மணிக்குப் போனது, வேறு உடம்பு சரியில்லையா, புது மருந்து ஏதாவது கொடுத்தோமா. இரண்டு வாரம் எழுதினாலே சந்தேகப் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை "சேராத" தயிரை வியாழக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்தது எழுத்தில் தெரிந்துவிடும்.

தடிப்போ வீக்கமோ வந்தால் உடனே படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அது மறைந்திருக்கும்.

நிறுத்துவது பாதி வேலைதான்

என் மொத்தக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உணவை நிறுத்தியதும் குழந்தை தேறிவிட்டது என்பது ஆதாரமே அல்ல. குழந்தைகளின் பேதியும் தடிப்பும் சளியும் பெரும்பாலும் தானாகவே தேறும், நீங்கள் கத்திரிக்காயை நிறுத்தியிருந்தாலும் நிறுத்தாவிட்டாலும். திரும்பக் கொடுத்தபோது அதே தொல்லை திரும்ப வந்தால்தான் அந்த உணவின் மேல் குற்றம் நிற்கும். நம் வீடுகளில் நிறுத்துவது மட்டும் நடக்கிறது, திரும்பக் கொடுப்பது நடப்பதே இல்லை, அதனால்தான் பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது.

முறை இதுதான். மெதுவான, லேசான தொல்லைகளுக்கு ஒரே ஒரு உணவை, டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டிலிருந்து நாலு வாரம் முழுமையாக நிறுத்த வேண்டும். முழுமையாக என்றால் பாலை நிறுத்தும்போது நெய், பிஸ்கட், பால்பவுடர் கலந்த சத்துமாவு எல்லாவற்றையும். இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவுகளில் பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை மற்றும் கொட்டை வகைகள், சோயா, குளூட்டன் தானியங்கள் இருந்தால் அட்டையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பேக்கரியில் தாளில் சுற்றித் தரும் பன்னுக்கு அட்டை கிடையாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். நாலு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையா, அந்த உணவு நிரபராதி, திரும்பக் கொடுத்துவிடுங்கள். மாற்றம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.

இதற்கு மீறக்கூடாத ஒரு வேலி உண்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், வாந்தி, இளைப்பு வந்திருந்தாலோ, மணிக்கணக்கில் வாந்தி எடுத்துத் துவண்டிருந்தாலோ, அந்த உணவை வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. கடுமையான கரப்பான், அதாவது தோல் வறண்டு அரித்து வெடிக்கும் எக்ஸிமா, உள்ள குழந்தைக்கு நீண்ட நாள் நிறுத்திய உணவையும் அப்படித்தான், முன்பு லேசாக இருந்தது திரும்பக் கொடுக்கும்போது வேகமாகக் குரைப்பது உண்டு. அதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளியில் தொடங்கிக் கொடுத்துப் பார்ப்பார்கள். என் மகன் முட்டையைத் திரும்பத் தொட்டதும் அப்படித்தான். முதலில் மிளகளவு, இருபது நிமிடம், பட்டாணியளவு, இருபது நிமிடம். மத்தியானத்துக்குள் ஒரு முழு முட்டை முடிந்து, கிண்ணத்தைக் காட்டி இன்னும் வேண்டும் என்றான்.

பாலை நிறுத்துகிறீர்கள் என்றால் அதற்கு ஈடு என்ன என்பதையும் அதே நாளில் யோசியுங்கள். ஆட்டுப்பால் ஈடு இல்லை, எருமைப்பாலும் இல்லை. அவற்றின் புரதம் பசும்பால் புரதத்துக்கு அவ்வளவு நெருங்கிய சொந்தம், பசும்பாலுக்குக் குரைப்பது பெரும்பாலும் இவற்றுக்கும் குரைக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லையென்றால் புரதத்தை நன்றாக உடைத்துத் தயாரித்த பிரத்தியேகப் பால்பவுடர் உண்டு, டாக்டர் எழுதித்தர வேண்டும். பெரிய குழந்தைக்கு ராகி உதவும், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதில் எல்லாமே உடம்பில் சேர்வதில்லை, ராகி மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

ரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

செவலை நாய்க்குத் திரும்ப வருவோம். ஆட்டோ ஹாரன் கேட்டு அது காதை விடைக்கிறது, ஆனால் குரைக்கவில்லை. ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும், முன்கையில் சொட்டு விட்டு லேசாகக் குத்திப் பதினைந்து நிமிடம் பார்க்கும் தோல் பரிசோதனையும் காட்டுவது காது விடைத்திருப்பதை மட்டும்தான். குரைக்குமா என்பதைச் சாப்பிட்டபோது நடந்த கதைதான் சொல்லும். பெங்களூரிலும் மைசூரிலும் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏதாவது ஒரு உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று தேறியவர்கள் 1.2 சதவீதம். மிச்சப் பேருக்கு ஐஜிஇ இருந்தும் உணவு ஒவ்வாமை என்று தேறவில்லை. கதையே இல்லாமல் ஐம்பது உணவுக்கு மொத்தமாகப் பரிசோதனை எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இதைவிட வருத்தமானது ஐஜிஜி பரிசோதனை. பெயர் ஐஜிஇ போலவே இருக்கும், வேலை வேறு. ஐஜிஜி என்பது உடம்பு பழகிய உணவுகளுக்குச் செய்துகொள்ளும் எதிர்ப்பொருள், தினமும் பால் ஊற்றும் அக்காவைப் பார்த்து நாய் வாலாட்டுவது மாதிரி. டாக்டரைப் பார்க்கும் முன் நாங்கள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அதை எடுத்தோம். தொண்ணூறு உணவுகள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகான அறிக்கை. சிவப்பில் இருந்தவை அரிசி, துவரம்பருப்பு, வாழைப்பழம், பால். அவன் தினமும் சாப்பிட்டவை. அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. அந்தக் காகிதத்தை நம்பி இரண்டு வாரம் அரிசியை நிறுத்தினேன், பசியில் அவன் அழுததை நான் மறக்கவில்லை.

சுருக்கமாக: பரிசோதனை என்பது கதையை உறுதிப்படுத்த. கதை இல்லாத இடத்தில் அது பயத்தைத்தான் தரும்.

முன்கூட்டியே தள்ளி வைத்தால் நல்லதுதானே?

இல்லை. ரொம்ப நாள் மருத்துவ உலகமே அப்படி நினைத்தது. ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் சொன்னது, 2008இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை அதிகம், கைக்குழந்தையிலிருந்தே கடலைத் தின்பண்டம் சாப்பிடும் இஸ்ரேலியக் குழந்தைகளுக்குக் குறைவு என்பதைப் பார்த்த கிதியோன் லாக் என்ற மருத்துவரின் குழு, 4 முதல் 11 மாதம் வரையுள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடலையை வாராவாரம் கொடுத்தது, இன்னொரு பாதிக்குத் தள்ளி வைத்தது. ஐந்து வயதில் பார்த்தபோது தள்ளி வைத்தவர்களில் 17.2 சதவீதத்துக்கும், சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்துக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. 2015இல் வந்த இந்த முடிவு எல்லா ஆலோசனைகளையும் திருப்பிப் போட்டது.

காரணம் நாய்க் கதைக்குள்ளேயே இருக்கிறது. குட்டியிலிருந்தே முன்வாசல் வழியாக வந்து சோறு வைக்கிறவரை நாய் குரைப்பதில்லை, சுவரேறிக் குதிக்கிறவரைத்தான் குரைக்கும். உணவுக்கு முன்வாசல் வாய். கரப்பானால் வெடித்த தோல்தான் சுவர். வாய் வழியாகப் பழகாத உணவு, வீட்டுத் தூசியிலும் அடுத்தவர் கையிலும் இருந்து, வெடித்த தோல் வழியாக உள்ளே போகும்போது உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது என்பது இன்றைய விளக்கம். கரப்பான் உள்ள குழந்தைக்குத் தோலைக் கவனிப்பது உணவைப் பார்ப்பதற்குச் சமமான வேலை.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போது முட்டை, கடலை, மீன், கோதுமை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, பகல் நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பழக்குங்கள். கடலையை முழுசாகக் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும், வறுத்து மாவாக்கிக் கூழில் கலக்கவும். கடுமையான கரப்பானோ ஏற்கெனவே ஒரு ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அவசரம் என்றால்

தடிப்பு மட்டும் வந்தால் நேரம் இருக்கிறது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் மூச்சு இளைத்தாலோ, குரல் மாறினாலோ, நாக்கு வீங்கினாலோ, தடிப்போடு வாந்தியும் திரும்பத் திரும்ப வந்தாலோ, குழந்தை திடீரென்று வெளிறித் துவண்டாலோ அது அனஃபிலாக்சிஸ், அதாவது உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் நடக்கும் ஒவ்வாமைத் தாக்குதல். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. சிரப் கொடுத்துவிட்டு அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். குழந்தையைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் மடியில் சாய்த்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது அட்ரினலின் போடக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விட்டுவிடும், அதனால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது திரும்பச் சோதிக்கக் கேளுங்கள். முந்திரி, கடலை வகைகள் அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. என் மகனுக்கு இப்போது ஐந்து வயது. முந்திரிக்கு நெருங்கிய சொந்தமான பிஸ்தாவும் அவனுக்குக் கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவில் புதுக் காகிதம், சிவப்பு மையில் இரண்டே பெயர். அதற்குக் கீழே எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறோம்: பொங்கல், கேசரி, பாயசம், குருமாவில் அரைத்த விழுது, ஐஸ்கிரீம், கல்யாண வீட்டு கிரேவி. அதற்கும் கீழே டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியின் அளவு, 108, இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியின் எண். அதன் நகல் ஒன்று என் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜிலும், ஒன்று அவன் பள்ளிக்கூடப் பையிலும் இருக்கிறது.